எழுதாத சட்டத்தைக் கப்பலேற்றிய மனிதர்

ப்ராஜெக்ட் ரிவியூ, பிளேஸ்மென்ட் எல்லாத்துக்கும் நடுவுல இந்தப் பக்கத்தைத் திறந்ததுக்கு முதல்ல நன்றி. இந்த இதழ்ல ஒரு வாழ்க்கை வரலாறு. விஞ்ஞானி இல்ல, ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சவரும் இல்ல. ஒரு சட்டப் பேராசிரியர். பெயர் சர் ஐவர் ஜென்னிங்ஸ். அவர் இறந்து 60 வருஷம் ஆயிடுச்சு. ஆனா எங்க வீட்டு ஆச்சியோட கதையில அவர் கையெழுத்து எங்கேயோ இருக்கு. அதனாலதான் இதை எழுதுறேன்.

அவரைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி எங்க ஊர் வாய்க்காலைப் பத்திச் சொல்லணும்.

எங்க ஊர் வடகரை, தென்காசி மாவட்டம். சாரல் சீசனுக்குக் குற்றாலம் வர்றவங்க பண்பொழி திருமலைக் கோயிலுக்கும் போவீங்க இல்லையா, அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். மேற்கே மலை, மேக்கரை, அடவிநயினார் அணை. கீழே நெல்லும் தென்னையும். எங்க தாத்தாவுக்கு அங்கே கொஞ்சம் வயக்காடு இருக்கு. அந்த வாய்க்கால்ல முறைத் தண்ணி உண்டு. யார் வயலுக்கு எப்போ தண்ணி, யாருக்கு அடுத்து யாரு, ராத்திரி முறை யாருக்கு, எந்த மடையை யார் திறக்கணும், எல்லாத்துக்கும் விதி இருக்கு. ஆனா எந்தத் தாள்லயும் இல்ல. தாத்தாவுக்கு அவங்க அப்பா சொன்னது. அவருக்கு அவர் அப்பா சொன்னது. மம்பட்டியோட வாய்க்கால் கரையில போய் நிக்கிற எல்லாருக்கும் அது தெரியும்.

நான் ஸ்கூல்ல படிக்கும்போது ஒரு வருஷம் மழை பொய்த்துப்போச்சு. அப்போ மேலே வயல் வச்சிருந்த ஒருத்தர் எங்க முறையில, நடு ராத்திரி, மடையைத் தன் பக்கம் திருப்பிட்டார். தாத்தா கோபமா ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே கேட்ட முதல் கேள்வி, இந்த முறை எந்த ரெக்கார்டுல இருக்கு? தாத்தாகிட்ட பதில் இல்ல. வீட்டுக்கு வந்து திண்ணையில உட்கார்ந்தவர் அன்னிக்குச் சாப்பிடவே இல்ல.

ஒரு வாய்க்காலை இப்படி நடத்தலாம். ஒரு நாட்டை நடத்த முடியுமா?

டாக்குமென்டேஷன் இல்லாத நாடு

முடியும். பிரிட்டன் அப்படித்தான் நடக்குது. நமக்கு 1950இல் 395 பிரிவுகளோட ஒரு புத்தகம் வந்தது. இதுதான் அரசமைப்புச் சட்டம்னு கையில எடுத்துக் காட்டலாம். பிரிட்டன்ல அப்படி ஒரு புத்தகம் கிடையாது. நியூசிலாந்து, இஸ்ரேல்லயும் ஒரே புத்தகமா கிடையாது.

அப்போ விதிகள் எங்கே இருக்கு? பல இடத்துல சிதறிக் கிடக்கு. சில பார்லிமென்ட் சட்டங்கள்: 1689இன் உரிமைச் சட்டம், 1701இன் அரியணை வாரிசுச் சட்டம், 1911இன் பார்லிமென்ட் சட்டம் மாதிரி. அதுக்கும் முன்னாடி 1215இன் மாக்னா கார்ட்டா. அடுத்து நீதிமன்றத் தீர்ப்புகள். அரசாங்க ஆளா இருந்தாலும் சட்டம் தராத அதிகாரத்துல ஒருத்தர் வீட்டுக்குள்ள புகுந்து காகிதங்களை அள்ள முடியாதுன்னு 1765இல் ஒரு வழக்குல சொன்ன மாதிரி. அடுத்து, ராஜாவோட கையில பழைய காலத்துலேருந்து மிச்சமிருக்கிற அதிகாரங்கள். பார்லிமென்ட் நடைமுறைக்கு எர்ஸ்கின் மே 1844இல் எழுதிய கையேடு மாதிரி சில புத்தகங்களையும் மதிப்பாங்க.

இதுக்கெல்லாம் மேல, மரபுகள். நாட்டை உண்மையில ஓட்டுற எஞ்சின் இதுதான். பார்லிமென்ட் நிறைவேற்றின மசோதாவுக்கு ராஜா சம்மதம் தரணும். தரமாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. ஆனா 1708இல் ஆன் ராணி மறுத்தாங்க, அதுக்கப்புறம் யாருமே மறுக்கல. (நம்ம ஊர்ல கவர்னர் மசோதாவை எத்தனை நாள் கையில வச்சிருக்கலாம்னு நடந்த சண்டையெல்லாம் ஞாபகம் வருதா?) பிரதமர் மக்கள் சபையிலிருந்துதான் வரணும்னும் சட்டம் இல்ல. ஆனா 1923இல் லார்ட் கர்சனை விட்டுட்டு பால்ட்வினை ராஜா கூப்பிட்டார். கர்சன் பிரபுக்கள் சபையில இருந்தது அதுக்கு ஒரு முக்கியக் காரணம். 1963இல் லார்ட் ஹோம் பிரதமர் ஆனப்போ பிரபுப் பட்டத்தையே துறந்து, இடைத்தேர்தல்ல நின்னு மக்கள் சபைக்கு வந்தார்.

நம்ம பாஷையில சொன்னா, பல நூறு வருஷம் பல பேர் எழுதிய லெகசி கோட். டாக்குமென்டேஷன் இல்ல. ஆனா ஓடுது. தொட்டவங்க எல்லாரும் பயந்து பயந்து தொடுறாங்க.

இந்தக் கோடுக்கு டாக்குமென்டேஷன் எழுத உட்கார்ந்தவர்களில் ஒருவர்தான் ஐவர் ஜென்னிங்ஸ்.

மூன்று கேள்விகள்

1903 மே 16ஆம் தேதி பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தார். பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. ஸ்காலர்ஷிப்பில் முன்னேறியவர். கேம்பிரிட்ஜுக்குக் கணிதம் படிக்கத்தான் போனார். பாதியில் சட்டத்துக்கு மாறினார். அவருடைய எழுத்தைப் படித்தால் அந்தக் கணக்குப் புத்தி தெரியும். எதையும் படிப்படியாகப் பிரித்து, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பார்.

1925இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். 1933இல், 30 வயதில், சட்டமும் அரசமைப்பும் பற்றி எழுதிய புத்தகம் அவரைப் பிரபலமாக்கியது. 1936இல் அமைச்சரவை ஆட்சி பற்றி, 1939இல் பார்லிமென்ட் பற்றி என்று அடுத்தடுத்து எழுதினார்.

அந்தக் காலத்தில் இந்தத் துறையில் ஏ.வி. டைசி என்பவர் வைத்ததுதான் வேதம். நீதிமன்றம் அமல்படுத்துவது சட்டம், அமல்படுத்தாதது மரபு, இரண்டும் வேறு வேறு என்பது டைசியின் கோடு. இளைஞர் ஜென்னிங்ஸ் அந்தக் கோட்டை அழித்துப் பார்த்தார். சட்டமானாலும் மரபானாலும் கடைசியில் மக்களும் ஆட்சியாளர்களும் அதற்குக் கட்டுப்படுவதால்தான் நிற்கிறது என்றார். அவர் சொன்ன ஓர் உதாரணம் இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் சுற்றுகிறது. பாரிஸ் தெருவில் சிகரெட் பிடிப்பது குற்றம் என்று லண்டன் பார்லிமென்ட் சட்டம் போட்டால், ஆங்கிலச் சட்டப்படி அது குற்றம்தான். ஆனால் பாரிஸ்காரர் நிம்மதியாகப் பிடித்துக்கொண்டு போவார். அதிகாரம் காகிதத்தில் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதற்குத் தலையாட்ட ஆள் இருக்கும் இடம் வரைதான் போகும்.

அப்படியானால் ஒரு மரபு உண்மையிலேயே இருக்கிறதா, வெறும் பழக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு மூன்று கேள்விகள் வைத்தார். முன்னாடி இப்படி நடந்திருக்கிறதா? நடந்துகொண்டவர்கள், தாங்கள் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டிருப்பதாக நினைத்தார்களா? அந்த விதிக்கு நியாயமான காரணம் இருக்கிறதா?

அவ்வளவுதான். வடகரை வாய்க்காலில் போட்டுப் பாருங்களேன். முன்னாடி நடந்திருக்கா? தலைமுறை தலைமுறையா. காரணம் இருக்கா? கடைசி வயலுக்கும் தண்ணி போகணும். கட்டுப்பட்டோம்னு நினைச்சாங்களா? எல்லாரும் நினைச்சாங்க, அந்த ஒரு ராத்திரி ஒருத்தர் நினைக்கல. இந்த இரண்டாவது கேள்வியை ஞாபகம் வச்சுக்கோங்க. ஜென்னிங்ஸோட மீதி வாழ்க்கை முழுக்க அது அவர் பின்னாடியே வரும்.

கொழும்பு

1941. ஐரோப்பாவில் போர். ஜென்னிங்ஸ் இலங்கைக்குக் கப்பலேறினார். கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரிக்கு முதல்வர் வேலை. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகம் ஆனது, அவர் முதல் துணைவேந்தர் ஆனார். கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில், மகாவலி ஆற்றங்கரையில் ஒரு வளாகம் கட்டி 1952இல் பல்கலைக்கழகத்தை அங்கே கொண்டுபோனார். இன்றும் பார்க்க அழகான வளாகம் அது. அங்கே ஒரு விடுதிக்கு அவர் பெயர்தான்.

ஆனால் அவருடைய பெரிய வேலை பல்கலைக்கழக நேரத்துக்கு வெளியே நடந்தது. போர்க்காலப் பாதுகாப்புப் பணியில் ஆலிவர் குணதிலக்கவுடன் பழக்கமானார். அவர் வழியாக டி.எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசகரானார். இலங்கைக்குச் சுயாட்சி வேண்டும், அதற்கு ஓர் அரசமைப்பு வரைவு வேண்டும். அமைச்சர்கள் பெயரில் 1944இல் வந்த வரைவில் ஜென்னிங்ஸின் உழைப்பு பெரியது.

அப்போ இலங்கையில என்ன பிரச்சினை? 1931லயே ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு வந்துடுச்சு. இந்தியாவுக்கு 20 வருஷம் முன்னாடி. எண்ணிக்கையில சிங்களர் பெரும்பான்மை. வடக்கு கிழக்குத் தமிழர், முஸ்லிம்கள், மலையகத் தோட்டங்கள்ல வேலை பார்த்த இந்தியத் தமிழர், இவங்க எல்லாரும் சேர்ந்தாலும் சிறுபான்மை. ஜி.ஜி. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார். பாதி இடம் பெரும்பான்மைக்கு, மீதிப் பாதி மற்ற எல்லாருக்கும்.

1944 டிசம்பரில் வந்த சோல்பரி கமிஷன் அதை ஏற்கவில்லை. அமைச்சர்களின் வரைவைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. தொகுதிக் கணக்கில் ஒரு சமாதானம் இருந்தது: 75,000 பேருக்கு ஓர் இடம், அதோடு ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் ஓர் இடம். ஆள் குறைவாகவும் நிலம் அதிகமாகவும் உள்ள பகுதிகளுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும், சிறுபான்மையினருக்கு அதில் பலன் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிங்க.

ஒன்று: கவர்னர் ஜெனரலின் அதிகாரங்களை பிரிட்டனில் ராஜா பின்பற்றும் மரபுகளின்படியே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு விதி. அதாவது பிரிட்டன் 250 வருஷமாக எழுதாமல் வைத்திருந்ததை எல்லாம் ஒரே வாக்கியத்தில் இறக்குமதி செய்தாயிற்று. கோடில் மேலே ஒரே ஒரு இம்போர்ட் லைன் போடுவோமே, அப்படி. லைப்ரரி முழுக்க லண்டனில் இருக்கிறது.

இரண்டு: அடிப்படை உரிமைகள் என்று தனி அத்தியாயம் கிடையாது. ஆங்கில மரபில் வளர்ந்த ஜென்னிங்ஸுக்கு உரிமைப் பட்டியல்களில் நம்பிக்கை குறைவு. அதற்குப் பதில் 29ஆம் பிரிவு. எந்தச் சமூகத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தைச் சுமத்தும் சட்டமும், மற்றவர்களுக்கு இல்லாத சலுகையைத் தரும் சட்டமும் செல்லாது என்றது அது.

1948 பிப்ரவரி 4, சுதந்திரம். அதே வருஷம் ஜென்னிங்ஸுக்கு சர் பட்டமும் கிடைத்தது.

மடை திரும்பிய வருஷம்

இப்போ ஆச்சியோட கதை.

எங்க ஆச்சி பிறந்தது நுவரெலியா பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல. ஆச்சியோட தாத்தா காலத்துலயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன குடும்பம். 1947 தேர்தல்ல ஆச்சியோட அப்பா ஓட்டுப் போட்டார். அந்தத் தேர்தல்ல நுவரெலியாவிலிருந்து தொண்டமான் பார்லிமென்ட் போனார், மலையகத்திலிருந்து இன்னும் சிலரும் போனாங்க.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. அப்பா அங்கே பிறந்திருக்கணும், இல்லன்னா தாத்தாவும் பூட்டனும் பிறந்திருக்கணும், நிரூபிக்கணும். லயத்துல இருந்தவங்ககிட்ட ஏது பிறப்புச் சான்றிதழ்? தாத்தா எங்க அலுவலகத்துல நின்ன மாதிரிதான், எந்த ரெக்கார்டுல இருக்கு? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்றார்கள். சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1952 தேர்தலில் மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவர்கூடப் பார்லிமென்டுக்குப் போக முடியவில்லை.

இதுல ஒரு கணக்கு இருக்கு பாருங்க. தொகுதி பிரிக்க எண்ணினது மொத்த மக்கள்தொகையை, ஓட்டர்களை மட்டும் இல்ல. அதனால ஓட்டு போன தோட்டத் தமிழர்களின் தலையும் எண்ணிக்கையில இருந்தது. அவங்க தலைக்குக் கிடைச்ச இடங்களுக்கு ஓட்டுப் போட்டது பக்கத்து ஊர்ச் சிங்கள வாக்காளர்கள். சிறுபான்மைக்குன்னு வச்ச சமாதானம் தலைகீழா வேலை செஞ்சது. இன்புட் மாறினா அதே ஃபார்முலா வேற அவுட்புட் தரும், நமக்குத் தெரியாததா?

சரி, 29ஆம் பிரிவு என்ன ஆச்சு? கோடக்கன் பிள்ளை என்ற தோட்டத் தமிழரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் தீர்ப்பு. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, யார் குடிமகன் என்று முடிவு செய்வது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை, எனவே செல்லும் என்றார்கள். எழுதி வைத்த வரி அப்படியே இருந்தது. அதற்குள் இருந்த வாக்குறுதி வெளியே போய்விட்டது.

அதே நேரத்தில் இறக்குமதி செய்த மரபுகள் நன்றாகவே ஓடின என்பதையும் சொல்ல வேண்டும். 1952 மார்ச்சில் டி.எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த பிரதமர் யார் என்று எந்தப் பிரிவிலும் எழுதவில்லை. கவர்னர் ஜெனரலாக இருந்த சோல்பரி, மகன் டட்லியை அழைத்தார். கோத்தலாவலைக்குக் கோபம், ஆனால் ஆட்சி கவிழவில்லை, யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு நடுவில் மரபு வேலை செய்தது. லயத்து வாசல் வரைக்கும்தான் அது வரவில்லை.

சென்னை, கராச்சி, கோலாலம்பூர்

அதே 1952 மார்ச்சில் ஜென்னிங்ஸ் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பெயரிலான அறக்கட்டளைச் சொற்பொழிவுகள். தலைப்பு, நம்ம அரசமைப்பு. நம்முடையது ரொம்ப நீளம், ரொம்ப இறுக்கம், வக்கீல்களுக்கு வேலை கொடுக்கும் சட்டம் என்பது அவர் விமர்சனம். எதிர்காலத் தலைமுறை செய்ய வேண்டிய முடிவுகளையெல்லாம் இப்போதே ஏன் எழுதிக் கட்டிப்போடுகிறீர்கள் என்ற கவலை அவருக்கு.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. எக்ஸாமுக்குப் படிச்ச எல்லாரும் ஒத்துக்குவோம், நம்ம அரசமைப்பு நீளம்தான். ஆனா நாமளும் முதல்ல மரபை நம்பின இடங்கள் உண்டு. அமைச்சரவை சொல்றபடிதான் குடியரசுத் தலைவர் நடக்கணும்னு 1950இல் வெளிப்படையா எழுதல. ராஜேந்திர பிரசாத்தே அதைக் கேள்வியாக்கினார். கடைசியில 1976இல் 42ஆவது திருத்தத்துல எழுதிட்டாங்க. பிரிட்டனும் அப்படித்தான். பட்ஜெட்டைப் பிரபுக்கள் சபை தடுக்கக் கூடாதுங்கிறது மரபு. 1909இல் அவங்க தடுத்தாங்க. 1911இல் அதுக்குச் சட்டம் வந்தது. மரபு மேல நம்பிக்கை போன இடத்துலதான் பேனா வரும்.

இலங்கையில் பணி முடித்து கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி ஹால் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். அந்தச் சமயத்தில் பாகிஸ்தான் கூப்பிட்டது. அங்கே 1954 அக்டோபர் 24ஆம் தேதி கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது, அரசமைப்பு எழுதிக்கொண்டிருந்த சபையையே கலைத்துவிட்டார். சபைத் தலைவர் தமீசுதீன் கான் வழக்குப் போட்டார். அரசுத் தரப்புக்கு ஆலோசகர் நம்ம ஜென்னிங்ஸ். அந்தச் சபை தன் அரசமைப்புச் சட்டங்களுக்கு கவர்னர் ஜெனரலின் சம்மதம் வாங்காமலே ஏழு வருஷம் நடந்துவந்தது. எல்லாரும் அதை ஏற்றிருந்தார்கள். முன்மாதிரி இருந்தது, கட்டுப்பட்ட எண்ணம் இருந்தது, காரணமும் இருந்தது. ஆனால் 1955இல் உச்சியிலிருந்த ஃபெடரல் நீதிமன்றம் எழுத்தைப் பிடித்துக்கொண்டது: சம்மதம் இல்லாததால் சட்டம் செல்லாது. அரசு ஜெயித்தது. மூன்று கேள்விகளை எழுதியவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு ஜீரணிக்கவே முடியாத பக்கம் இதுதான்.

அவரை ஒரே வரியில் வில்லனாக்கவும் முடியாது. 1956இல் மலாயாவுக்கு அரசமைப்பு எழுத ரீட் கமிஷன் போனது. ஐந்து பேரில் ஜென்னிங்ஸ் ஒருவர், அலகாபாத் உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக் இன்னொருவர். இந்த முறை அடிப்படை உரிமைகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. சுதந்திர நாள் முதல் மலாயாவில் பிறக்கும் குழந்தை குடிமகன் என்று 1957இன் அரசமைப்பு சொன்னது. இலங்கை 1948இல் செய்ததற்கு நேர் எதிர். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயிருக்கு, உங்க கிளாஸ்லயே யாராவது இருப்பாங்க. அங்கேயும் குறைகள் இருக்கு, ஆனா ஒரே மனிதர் கை வச்ச இரண்டு நாட்டுல எங்க பகுதி ஆட்களுக்கு இரண்டு விதமான விதி.

அடுத்து நேபாளம். 1959இல் மன்னர் மகேந்திரா தந்த அரசமைப்புக்கும் ஜென்னிங்ஸ் உதவினார். அடுத்த வருஷ டிசம்பரிலேயே மன்னர், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் பி.பி. கொய்ராலாவைப் பதவி நீக்கிச் சிறையில் போட்டார். மறுபடியும் அதே இரண்டாவது கேள்வி.

1961 முதல் 1963 வரை கேம்பிரிட்ஜ் துணைவேந்தர். 1965 டிசம்பர் 19ஆம் தேதி, 62 வயதில் இறந்தார்.

அவருக்குப் பிறகு

1956இன் சிங்கள மட்டும் சட்டத்தை எதிர்த்து கோடீஸ்வரன் என்ற அரசு ஊழியர் வழக்குப் போட்டார். சிங்களத் தேர்வு எழுதவில்லை என்று அவருக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டிருந்தது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் 29ஆம் பிரிவைக் காட்டி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீடு, பிரிவி கவுன்சில், திரும்ப இலங்கைக்கு என்று வழக்கு அலைந்தது. மூலக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் முன்னாடியே 1972இன் புதிய அரசமைப்பு வந்து 29ஆம் பிரிவு காணாமல் போனது. ஜென்னிங்ஸின் சட்டம் சுதந்திர இலங்கையில் வாழ்ந்தது 24 வருஷம். அவர் குறை சொன்ன நம்முடைய நீளமான புத்தகம் 75 வருஷத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் அவருடைய மூன்று கேள்விகள் வாழ்கின்றன. 1981இல் கனடா உச்ச நீதிமன்றம், மாகாணங்களைக் கேட்காமல் அரசமைப்பை மாற்றலாமா என்ற வழக்கில் அதைத்தான் எடுத்துப் போட்டுப் பார்த்தது. 1993இல் நம்ம உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நியமன வழக்கிலும் அவர் பெயர் வந்தது.

எழுதணுமா, எழுதாம விடணுமா? இதைப் படிக்க ஆரம்பிச்சப்போ எழுதினா சரியாயிடும்னுதான் நானும் நினைச்சேன். தாத்தாகிட்ட ஒரு தாள் இருந்திருந்தா அன்னிக்கு அவர் சாப்பிட்டிருப்பார். ஆனா 29ஆம் பிரிவு எழுதித்தான் இருந்தது. ஆச்சியோட அப்பா அதை வச்சு ஒண்ணும் செய்ய முடியல. எழுதின வரியையும் எழுதாத முறையையும் தாங்குறது ஒண்ணுதான்: பலம் உள்ளவன், தான் இதுக்குக் கட்டுப்பட்டவன்னு நினைக்கணும். அப்படி நினைக்காதவனைத் தடுக்க வழியும் வேணும். ஜென்னிங்ஸ் முதல் பாதியை 30 வயசுலயே கண்டுபிடிச்சார். ஆங்கிலேயப் பிரபுக்கள் அப்படி நினைக்கிறதைப் பார்த்துட்டு, எல்லா ஊர்லயும் நினைப்பாங்கன்னு நம்பி இரண்டாவது பாதியைச் சின்னதா எழுதினார்.

எங்க வாய்க்கால் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அடுத்த வருஷம் மழை நல்லா பெஞ்சது. முறை தானா திரும்பி வந்துடுச்சு. தண்ணி நிறைய இருக்கும்போது யாருக்கு என்ன சண்டை? ஆனா தாத்தா ஒரு நோட்டு வாங்கினார். கரையில வயல் வச்சிருக்கிறவங்க பேர், யாருக்கு அடுத்து யாரு, எல்லாத்தையும் என்னை எழுதச் சொன்னார். நானோ இங்கிலீஷ் மீடியம். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிச்சுட்டு, ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்து வாங்கினார். மடையைத் திருப்பினவர் வீட்டுக்கும் போனோம். அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துட்டு, பேனாவை வாங்கிப் போட்டார்.

ஆச்சி சாஸ்திரி, சிறிமாவோ 1964இல் போட்ட ஒப்பந்தத்துல 1973இல் ராமேஸ்வரம் வந்து இறங்கினாங்க. தாங்கள் பிறக்காத ஒரு நாட்டுக்குத் திரும்பி வந்தவங்கன்னு அவங்களுக்குப் பேர். வடகரையில இன்னும் சிலோன்காரி வீடுன்னாதான் எங்க வீட்டுக்கு வழி சொல்வாங்க. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ இந்தக் கட்டுரைக்காக 29ஆம் பிரிவைத் தமிழ்ல சொல்லிக் காட்டினேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம், இதை எழுதின துரை எங்க தோட்டத்துக்கு வந்திருந்தாரான்னு கேட்டாங்க. நான் யோசிக்கிறதுக்குள்ள டீ கொதிச்சிடுச்சுன்னு உள்ளே போயிட்டாங்க. பேராதனையிலிருந்து நுவரெலியா போற ரோட்டுல இரண்டு பக்கமும் தேயிலைதான்னு மேப்ல பார்த்தேன்.

உங்க ஊர்ல, உங்க ஹாஸ்டல்ல எழுதாத விதி ஏதாவது இருந்தா அந்த மூணு கேள்வியையும் போட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. ரிவியூ முடிஞ்சதும் படிக்கிறேன்.